போன் பையும் நாலு வரிப் பலகையும்

கையைக் கொஞ்சம் குடுங்க அண்ணாச்சி. பயப்படாதீங்க, ஜோசியம் இல்ல. நல்லா விரிங்க. பெருவிரல் நுனியில இருந்து சுண்டுவிரல் நுனி வரைக்கும். ம்... பாத்தீங்களா? என் சாணுக்கு ஒரு விரல் அகலம் குறைச்சல். நீங்களும் ஒரு சாணுன்னுதான் சொல்லுவீங்க, நானும் ஒரு சாணுன்னுதான் சொல்லுவேன். இந்த ஒரு விரல் இருக்கு பாருங்க, இதுதான் இன்னைக்கு என்னைத் திருநெல்வேலியில இருந்து துவரங்குறிச்சிக்கு இழுத்துட்டுப் போகுது.

நீங்க மதுரையில ஏறுனீங்கள்லா? திருச்சி வரைக்குமா? அப்ப பூராக் கதையும் கேக்கலாம். என் பேரு குத்தாலிங்கம். ஆமா, பிறவியிலேயே பார்வை இல்ல. அதுக்குள்ள நாக்கைத் தட்டி 'ச்சொ'ங்கீங்களே, அதை வேற யாருக்காவது வச்சுக்கிடுங்க. நான் ஒரு ஆஸ்பத்திரியில டெலிபோன் ஆப்பரேட்டர். ஒரே ஒரு 'அலோ' போதும் எனக்கு. பேசுறது நோயாளியா, நோயாளியோட சம்மந்தியா, மருந்துக் கம்பெனி ஆளான்னு சொல்லிருவேன். குரலை வச்சு மனுசனை எடை போடுறதுல என்னை அடிச்சுக்க ஆள் கிடையாது. பெருமைக்குச் சொல்லல, எங்க ஆஸ்பத்திரியில யாரை வேணா கேட்டுப் பாருங்க.

முன் சீட்டுல ரெண்டு பேரு இருக்காவ பாருங்க, அது எங்க அக்கா இசக்கியம்மாளும் அத்தானும். அவங்க விராலிமலைக்குச் சாமி கும்பிட வாராவ. போற வழியில எறங்கி என் வழக்குக்குச் சாட்சியா இருப்பாவ. ஒரே பயணத்துல ரெண்டு சோலி.

என்ன வழக்குன்னா, போன் வழக்கு. களவு போன போன் இல்ல. போனோட அளவு.

எங்க ஆளுகளுக்குன்னு ஒரு வாட்சப் குரூப் இருக்கு. 'தொட்டுப் பார்'னு பேரு. தமிழ்நாடு பூராவும் இருக்கோம். பார்வை இல்லாத வாத்தியார், பாங்க்காரர், பாட்டுக்காரர், வீட்டுல சும்மா இருக்கிறவர், எல்லாரும் உண்டு. அதுல பேச்சுத்தான், படம் கிடையாது. எவனாவது தெரியாத்தனமா 'குட் மார்னிங்' படம் போட்டா அன்னைக்கு அவனுக்குப் பூசைதான்.

இப்ப ஒரு புது போன் வருதுன்னு வைங்க. உங்களுக்கென்ன, விளம்பரத்துல பளபளன்னு படம் போடுதான், பாத்துக்கிடுவீங்க. நாங்க? கடையில போய்க் கேட்டா ஆறு புள்ளி ஏழு இஞ்சுங்கான். அந்த இஞ்சை வச்சு நான் என்ன குழம்பா வைக்க? கலர் சூப்பரா இருக்கு சார்ங்கான். அதையும் என்கிட்டச் சொல்ல மாட்டான். கூட வந்த அத்தான்கிட்டச் சொல்லுவான். 'சாருக்கு எந்தக் கலர் பிடிக்கும்?'னு அத்தானைப் பாத்துக் கேப்பான். அத்தான் வாய்க்கு வந்தபடி பச்சைன்னுட்டாவ. மூணு வருசம் பச்சைப் போன் வச்சுக்கிட்டு அலைஞ்சேன். டூட்டிக்கு வர்ற நர்சுப் பிள்ளைக எல்லாம் 'கிளிப்பச்சை அண்ணே'ன்னு கூப்பிட்ட பிறகுதான் அது என்ன பச்சைன்னு எனக்கே விவரம் தெரியும்.

எங்களுக்கு வேண்டிய சங்கதி வேற அண்ணாச்சி. கையில எடுத்தா நிக்குமா, வழுக்குமா? பெருவிரல் அந்தக் கரைக்கு எட்டுமா? சத்தம் கூட்டுற பட்டன் எந்தப் பக்கம், அமுக்குனா 'டிக்'குங்குமா, இல்ல அமுங்குனதே தெரியாம ஊமையாக் கிடக்குமா? முதுகுல கேமரா மேடு எவ்வளவு உசரம், மேசையில வச்சா ஆடுமா? ரேகை வைக்கிற இடம் குழியா, சமதளமா? அவசரத்துல எடுத்தா எது தலை, எது கால்னு தடவுனதும் தெரியுமா? இதையெல்லாம் எந்த விளம்பரத்துலயாவது சொல்லுதானா?

நான் சொல்லுதேன். ஆஸ்பத்திரிக்கு எதுத்தாப்புல நாகூர்கனின்னு என் சேக்காளி போன் கடை வச்சிருக்காரு. மத்தியானம் கடையில ஆள் இருக்காது. எந்தப் புது போன் வந்தாலும் முதல்ல என் கையிலதான் குடுப்பாரு. நான் அதை உள்ளங்கையில படுக்க வைப்பேன், நிமித்துவேன், காதுல வைப்பேன், சட்டைப் பையில போட்டுக் குனிஞ்சு பாப்பேன். பிறகு குரூப்புல பேசி அனுப்புவேன். குத்தாலிங்கம் சொன்னா அது கையிலயே வச்சுப் பாத்த மாதிரின்னு எங்க ஆளுக சொல்லுவாவ. என் பேச்சைக் கேட்டுட்டுத்தான் கடைக்கே போவாவ. எனக்கு வேற என்ன பட்டம் இருக்கு சொல்லுங்க? இந்த ஒரு பேருதான். அதுலதான் ரஞ்சிதம் டீச்சர் மண்ணை அள்ளிப் போட்டாவ.

டீச்சர் துவரங்குறிச்சிப் பக்கம் பள்ளிக்கூடத்துல தமிழ் நடத்துதாவ. அவங்களுக்கும் பார்வை இல்ல. ஆடி மாசம் குரூப்புல சேந்தாவ. சேந்த நாள்ல இருந்து எனக்குத் தலைவலி. நான் பேசி அனுப்புனா மத்தவங்க எல்லாரும் 'நன்றி'ன்னுட்டுப் போயிருவாவ. இவங்க மட்டும் தனியா போன் போடுவாவ. மத்தியானம் நான் சோத்துப் பொட்டலத்தைப் பிரிக்கிற நேரம் பாத்துத்தான் மணி அடிக்கும். 'சார், காதுல வச்சா சில்லுன்னு இருக்குமா?'ம்பாவ. இருக்கும் டீச்சர், கொஞ்ச நேரத்துல சூடாயிரும்பேன். 'அதை இன்னொரு தடவை சொல்லுங்க சார், சரியா விழல'ம்பாவ. பாவம், அந்த ஊர்ல டவர் சரியில்ல போல. எதைச் சொன்னாலும் ரெண்டு தடவை சொல்லணும். ஒரு நாளு, இப்ப விற்பனையிலயே இல்லாத பழைய பட்டன் போனைப் பத்தி விளக்கம் கேட்டாவ. இது என்ன கேள்வி? குத்தம் கண்டுபிடிக்கணும்னே கேக்குற கேள்விதான? எனக்கா தெரியாது? நான் எத்தனை குரலைக் கேட்டவன்.

இப்ப தீவாளிக்கு ஒரு போன் வந்துச்சு. மெல்லிசா, விளிம்பெல்லாம் உருண்டையா, சோப்புக்கட்டி பாதி கரைஞ்சா எப்படி இருக்கும், அப்படி. அளவு சொல்லணும்லா? எங்க எல்லாருக்கும் பொதுவா ஒரு சாமான் உண்டு. புள்ளி எழுத்து, அதான் பிரெயில், குத்துற நாலு வரிப் பலகை. பள்ளிக்கூடத்துல அதைக் கட்டிக்கிட்டு அழாதவன் எங்கள்ல எவனும் இல்ல. தூக்கத்துல கேட்டாலும் அதோட நீளம் எங்க விரலுக்குத் தெரியும். அதனால நான் சொன்னேன், 'நம்ம நாலு வரிப் பலகை என்ன நீளமோ, அதே நீளம். அகலம் மட்டும் பலகையை விட ரெண்டு விரல் கூட.' இதை விடத் தெளிவா ஒருத்தன் சொல்ல முடியுமா?

டீச்சர் அந்தப் போனுக்குச் சொல்லி வச்சாவ. போன் வர்றதுக்கு முன்னாலயே, நான் சொன்ன கணக்குக்கு உல்லன் நூல்ல ஒரு பை பின்னியும் வச்சுட்டாவ. ஊசி வேலையில கெட்டிக்காரி, அதை நான் மறுக்க மாட்டேன். போன் வந்துச்சு. பைக்குள்ள போட்டாவ. போட்டுட்டு குரூப்புல ஒரு பேச்சு வந்துச்சு.

'குத்தாலிங்கம் சார், வணக்கம். நீங்க சொன்ன அளவுக்குத்தான் பை பின்னினேன். இதைக் கொஞ்சம் கேளுங்க.'

அம்புட்டுத்தான். பிறகு 'லொடக்... லொடக்... லொடக்'னு சத்தம். பைக்குள்ள போட்டு ஆட்டுதாவ, பை அம்புட்டுப் பெருசாப் போச்சாம்! குரூப் பூராவும் கேக்குது. கண்ணு தெரிஞ்சவன் போட்டோ போட்டு மானத்தை வாங்குவான். எங்காளு சத்தத்தைப் போட்டு வாங்கிட்டாவ.

எனக்கு வந்த கோவத்துல அன்னைக்கு ரெண்டு போன்காலை மாத்திக் குடுத்துட்டேன். பல் டாக்டர்ட்ட பேசணும்னவரைப் பிரசவ வார்டுக்குக் குடுத்தேன்னா பாத்துக்கிடுங்க. சாயங்காலம் குரூப்புல கேட்டேன், 'டீச்சர், உங்க பலகை எந்தப் பலகை?' அவங்க பள்ளிக்கூடத்துல குடுத்த பலகையாம். என் பலகை எங்க பள்ளிக்கூடத்துல குடுத்தது. எங்க பள்ளிக்கூடத்துல படிச்சவங்க எல்லாரும் 'அண்ணன் சொன்னது சரி'ன்னாவ. அவங்க பள்ளிக்கூடத்துல படிச்சவங்க எல்லாரும் 'டீச்சர் சொன்னதுதான் சரி, போன் பலகையை விடக் குட்டை'ன்னாவ. குரூப் ரெண்டாப் பிளந்துச்சு. கபடி மேட்ச் தோத்துச்சு போங்க. எங்க பள்ளிக்கூடத்துச் சாம்பாரை எல்லாம் இழுத்துப் பேசுனாவ. பலகைக்கும் சாம்பாருக்கும் என்ன சம்மந்தம்?

உலகத்துல நாலு வரிப் பலகைன்னா ஒரே நீளம்தான் இருக்கும்னு நான் நினைச்சுட்டேன். அவங்களும் அப்படித்தான் நினைச்சிருக்காவ. ஆனா யாரு பலகை சரியான பலகைன்னு ஒண்ணு இருக்குல்லா? எங்க பலகைதான் சரி. சரி, சண்டை வேண்டாம், நான் பெரிய மனுசத்தனமா எறங்கி வந்தேன். 'பலகையை விடுங்க, ஒரு சாணுக்கு ரெண்டு விரல் அகலம் குறைச்சல்'னு சாண் கணக்குல சொன்னேன். உடனே டீச்சர் கேட்டாவ:

'யாரோட சாண் சார்?'

என் சாண்தான். 'உங்க சாண் எங்களுக்கு எப்படித் தெரியும்? உங்க கை எப்படி இருக்கும், ஆள் என்ன உயரம், எதுவுமே தெரியாதே.' பாருங்க, அளவுகோலையே சந்தேகப்படுதாவ! எனக்கு ரோசம் வந்துச்சு. கேட்டீங்கள்லா, இந்தா வாங்கிக்கிடுங்கன்னு அன்னைக்கு ராத்திரி சாப்பிட்டு முடிச்சதும் உக்காந்து என்னையே அளந்து பேசி அனுப்பிட்டேன். போனுக்கு எப்படிச் சொல்லுவேனோ, அதே வரிசை. உயரம் எங்க வீட்டு வாசல் நிலையோட மேல்கட்டைக்கு நாலு விரல் கீழ. எடை, அரிசி மூட்டை ஒண்ணை விடக் கொஞ்சம் குறைச்சல், ஆனா தூக்க வசதி இல்ல. மேல்பக்கம் முடி அடர்த்தி, முன்னால மட்டும் வழுக்கல் ஆரம்பம். மூக்கு, கேமரா மேடு மாதிரி நல்லாவே துருத்திக்கிட்டு இருக்கும், குப்புறப் படுத்தா ஆடும். கன்னத்து விளிம்பு ஒரு நாள் வழுவழு, மறுநாள் சொரசொர. விரல் நீளம், உள்ளங்கை மெத்து, ஆப்பரேட்டர் வேலைல்லா. கீழ விழுந்தா உடையாத ரகம், ஆஸ்பத்திரிப் படிக்கட்டுல சோதிச்சாச்சு.

தனியா அனுப்பியிருக்கலாமேங்கீங்களா? அதெப்படி? அளவுகோல் பொதுச்சொத்துல்லா. குரூப்புலதான் போட்டேன்.

பிறகு சேலத்துல இருந்து ஒரு பாட்டு வாத்தியார், வயசானவரு, 'கைபடாத சரக்கா தம்பி?'ன்னு கேட்டாரு. எதுக்குக் கேட்டாருன்னு எனக்குப் புரியல. ஆமாய்யா, ஒரே ஆள் உபயோகம்னேன். ஆளாளுக்குச் சிரிச்சு அனுப்புதாவ. டீச்சர் மட்டும் சிரிக்கல. தனியா கூப்பிட்டாவ. குரல் ரொம்ப மெதுவா இருந்துச்சு. டவர்தான்னு நினைக்கேன்.

'நல்லா இருந்துச்சு சார். ரெண்டாவது தடவையும் கேட்டேன்'னாவ.

எதுக்கு ரெண்டாவது தடவை? ஓட்டை எங்கன்னு தேடத்தான். நான் விடல. என்ன தப்பு கண்டீங்க, சொல்லுங்கன்னேன். 'தப்பு ஒண்ணும் இல்ல. சார்ஜ் எவ்வளவு நேரம் நிக்கும்னு சொல்லலையே'ன்னாவ. கிண்டல்! நானும் விடல, நைட் டூட்டி பாத்தாலும் மறுநாள் மத்தியானம் வரைக்கும் பேசுவேன்னேன். 'அது தெரியும்'னாவ. பிறகு அவங்க கையைப் பத்திச் சொன்னாவ. சின்னக் கையாம். சுண்டுவிரல் லேசா வளைஞ்சிருக்குமாம், சின்னப் பிள்ளையில கதவுல நசுங்குனதாம். ஊசி பிடிச்சுப் பிடிச்சு வலது கை ஆள்காட்டி விரல் நுனி மட்டும் காய்ச்சுப் போச்சாம். எதிர்க்கட்சி தன் அளவுகோலைச் சபையில வைக்குது, அவ்வளவுதான். ஆனா ஒண்ணு சொல்லணும், அளவு சொன்ன விதம் சுத்தம். எனக்கு அந்த விரல் அப்படியே தெரிஞ்சுது. இப்பவும் தெரியுது.

இதுல எங்க அக்கா வேற. நான் என்னை அளந்து பேசுனதை எல்லாம் அடுக்களையில இருந்து கேட்டிருக்கா. மறுநாள் டீச்சர் நம்பரைக் கேட்டா. எதுக்குன்னேன். துவரங்குறிச்சியில இருந்து விராலிமலைக்குப் பஸ் உண்டான்னு கேக்கணும்னா. சரி கேளுன்னு குடுத்தேன். பஸ்ஸை விசாரிக்க அத்தனை நேரமா அண்ணாச்சி? டீச்சரோட அம்மாகிட்டயும் பேசுனா. நடுவுல என் நட்சத்திரத்தைச் சொல்லுதா. ஏன்க்கான்னா, அர்ச்சனைக்குங்கா. விராலிமலைக்கு இங்க இருந்தே அர்ச்சனைக்குப் பேரு குடுக்கணும் போல, எனக்கு அந்தப் பக்கத்து வழக்கம் எல்லாம் தெரியாது.

போன வாரம் டீச்சர் கூப்பிட்டாவ. 'சார், இது போன்ல பேசித் தீராது. நீங்க உங்க பலகையை எடுத்துட்டு நேர்ல வாங்க. எங்க பலகையோட சேத்து வச்சுப் பாத்துருவோம். அக்காவையும் அத்தானையும் கூட்டிட்டு வாங்க. எங்க அப்பாவும் மாமாவும் இருப்பாங்க'ன்னாவ. முறைதான? ரெண்டு தரப்புக்கும் ஆள் வேணும். கண்ணு தெரிஞ்ச சாட்சி இருக்கிறது நல்லதுன்னு எனக்கும் பட்டுச்சு. குரூப்புலயும் சொல்லிட்டேன், ஞாயித்துக்கிழமை சாயங்காலம் தீர்ப்புன்னு. எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காவ. நான் தோத்தா இனி போன் பத்திப் பேச மாட்டேன்னு வாக்கும் குடுத்துட்டேன். அவசரப்பட்டு வாயை விட்டுட்டேன்தான், அதுக்கென்ன செய்ய?

அந்தப் பலகைதான் இந்தா மடியில இருக்கு. தொட்டுப் பாருங்க. ஒண்ணாப்புல இருந்து என்கிட்ட இருக்கு. பின்னால ஊசியால என் பேரைக் குத்தி வச்சிருக்கேன். இதை இதுவரைக்கும் ஒருத்தர் கையில குடுத்தது இல்ல.

அக்கா காலையில இருந்து ஆர்ப்பாட்டம். எனக்குப் புதுச் சட்டை, சலவை மணம் மாறல, கழுத்துல உரசுது. அவ பட்டு கட்டியிருக்கா, நடந்தா சரசரங்குது. அந்தப் பக்கம் பையில மல்லிகைப் பூ, ஆப்பிள், அல்வா. போன் தகராறுக்கு அல்வா எதுக்குக்கான்னேன். ஒரு வீட்டுக்கு வெறுங்கையோடயா போவாவன்னு சத்தம் போட்டா. அத்தான் தனியா என் தோளைத் தட்டி, 'அங்க வந்து போனைப் பத்தி மட்டும் பேசிக்கிட்டு இருக்காதடே'ன்னாவ. வேற எதைப் பத்திப் பேச? நான் போறதே அதுக்குத்தான?

கொட்டாம்பட்டி தாண்டியாச்சா? அப்ப கொஞ்ச தூரம்தான்.

உள்ளதைச் சொல்லட்டுமா அண்ணாச்சி? காலையில பஸ் ஏறும்போது இருந்த வேகம் இப்ப இல்ல. உங்ககிட்டச் சொல்லச் சொல்ல ஒண்ணு தோணுது. அங்க போய் என்ன நடக்கும்? அவங்க பலகையை எடுப்பாவ. நான் என் பலகையை எடுப்பேன். ஒண்ணு மேல ஒண்ணு வைப்போம். விரலை ஒரு தடவை ஓட்டுனாத் தெரிஞ்சு போகும். அவங்க பலகை நீளம், எங்க பலகை குட்டைன்னு வைங்க. அப்ப அவங்க சொன்னதும் சரி, நான் சொன்னதும் சரி. வழக்கு தீந்துச்சு. காப்பியைக் குடிச்சுட்டு எந்திரிக்க வேண்டியதுதான்.

பிறகு?

நாளைக்கு மத்தியானம் நான் சோத்துப் பொட்டலத்தைப் பிரிப்பேன். யாரு கூப்பிடுவா? எதைச் சொல்லிக் கூப்பிடுவா? இந்தச் சண்டை இருக்கக் கொண்டுதான தினமும் மணி அடிச்சுது. ஒரு நாளு அவங்க பள்ளிக்கூடத்துல ஆண்டு விழான்னு கூப்பிடல. அன்னைக்கு நான் சோத்தை அப்படியே மூடி வச்சுட்டேன். வயிறு சரியில்லைன்னு அக்காகிட்டச் சொன்னேன். வயிறெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு.

எனக்குப் பயமா இருக்கு அண்ணாச்சி. தோத்துருவேன்னு இல்ல. முடிஞ்சு போயிருமேன்னு பயமா இருக்கு. ரஞ்சிதம் பேசாத ஒரு மத்தியானத்தை என்னால இனிமே நினைச்சுப் பாக்க முடியல. இதை நான் யாருகிட்டச் சொல்ல? அவங்ககிட்டச் சொன்னா, போன் அளவு சொல்ல வந்தவனுக்கு இது என்ன பேச்சுன்னு நினைச்சுர மாட்டாவளா? அவங்க மனசுல அப்படி ஒண்ணும் கிடையாது. இருந்தா எனக்குக் குரல்லயே தெரிஞ்சிருக்கும்.

எதுக்குச் சிரிக்கீங்க? நான் அழுகிற நிலைமையில இருக்கேன்.

சரி, ஒரு உதவி கேக்கேன், மாட்டேன்னு சொல்லாதீங்க. நீங்க திருச்சிதான? இந்தப் பலகையை உங்க பையில வச்சுக்கிடுங்க. என் நம்பரைத் தாரேன், பிறகு ஒரு நாளு வந்து வாங்கிக்கிடுதேன். பத்திரமா வச்சுக்கிடுங்க, கீழ போட்டுறாதீங்க. சீக்கிரம், அக்கா எந்திரிச்சுட்டா, பட்டுச் சத்தம் கேக்குது. இந்தா வந்துட்டேன்க்கா, அல்வாப் பையை நான் தூக்குதேன், பூவை நீயே வச்சுக்கோ.

பலகை எங்கன்னு அவங்க கேட்டா, அடுத்த வாரம் எடுத்துட்டு வாரேன்னு சொல்லிருவேன்.